மழையின் அடர்த்தி

இந்த மழை இன்னும் சரியாக வரவில்லை. பத்ரி பின்னால் வந்து நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு சுகந்தி, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன், என்னைவிட நாலு வயது சின்னவன், அவனுக்கு மழை என்றால் திரையில் சாய்வாக விழும் சாம்பல் கோடுகள். அது போன வாரமே முடிந்துவிட்டது. இரண்டு நாளாக நான் மல்லுக்கட்டுவது ஒரு கண்ணாடியோடு. டாங்கியின் முன்பக்கம், ஓட்டுகிறவர் உட்காரும் குழிக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, ஒரு சாண் அகலம், நாலு விரல் உயரம், மூடியைச் சாத்திக்கொண்ட பிறகு அவருக்கு உலகம் என்றால் அவ்வளவுதான். அதில் தண்ணீர் எப்படி வழியும்? வீட்டு ஜன்னலில் வழிவது மாதிரி வழியாது, வண்டி அதிர்ந்துகொண்டே போவதால் துளி கீழே இறங்க முடியாமல் நடுங்கி நடுங்கிப் பக்கவாட்டில் ஓடும், ஓடிப்போய் மூலையில் சேறோடு சேர்ந்து நின்றுவிடும், "துடைக்கவும் முடியாது, தலையைச் சாய்ச்சு சாய்ச்சுப் பார்த்துக்கிட்டே போகணும்" என்று அவர் சொன்னார். அவர் என்றால் ஏழுமலை, என் வீட்டுக்காரர், ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறவர். நான் ஒரு டாங்கியைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. பெருங்குடியில் ஆறாவது மாடியில் ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் சொன்ன மழையை எண்ணாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், செல்போனில் டாங்கியும் ராணுவ லாரியும் ஓட்டி விளையாடுகிறவர்களுக்காக. வெளியே ஜூலை மாத வெயில். மணி இரண்டு நாற்பது. ஐந்து மணிக்குப் பத்ரி எல்லோரையும் உட்காரவைத்து மழை, மூடுபனி, மணல்காற்று, சேற்றில் மாட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது என்று புதிதாகச் சேர்த்த அத்தனையையும் பார்க்கப்போகிறான். அதற்கு முன்னால் அவர் கூப்பிடுவார். நாலு மணிக்கு மேல்தான் கூப்பிட முடியும், வண்டிகளைக் கொட்டகையில் விட்டு, கையில் இருக்கிற கிரீஸைக் கழுவி, பெட்டியில் பூட்டி வைத்த போனை எடுத்த பிறகு. நானாக அவரைப் பிடிக்க வழியில்லை. இன்றைக்குப் பதினெட்டாம் தேதி.

பதினெட்டாம் தேதியை நினைக்கக் கூடாது, கண்ணாடியை நினைக்க வேண்டும். மழையைப் பற்றி அவரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே ஜனவரியில்தான். அதுவரைக்கும் எங்கள் விளையாட்டில் எப்போதும் பகல் பன்னிரண்டு மணி, பனிமலையானாலும் பாலைவனமானாலும் அதே வெயில், அதே நிழல், வண்டியெல்லாம் அசலாக இருக்கிறது, வானம் மட்டும் போட்டோ ஸ்டூடியோ படுதா மாதிரி இருக்கிறது என்று ஆடுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். வானத்தைப் பத்ரி என் தலையில் கட்டினான். அன்றைக்கு அவர் கூப்பிட்டபோது, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க குளிரா, ஆமா குளிரு, அம்மாகிட்ட பேசினியா, பேசினேன், இதற்கெல்லாம் பிறகு எப்போதும் வரும் அந்த மௌனம் வந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அதன் அடியில் அவர் மூச்சு கேட்கும், யாரோ ஹிந்தியில் சிரிப்பது கேட்கும், ஒரு அலுமினியத் தட்டு விழும், சரி வெச்சிடட்டுமா என்பார். அதை நிரப்பத்தான் கேட்டேன். "ஏங்க, மூடுபனியில வண்டிய எப்படி ஓட்டுவீங்க?" சிரித்தார். "எதுக்குடி உனக்கு?" "எங்க கேமுக்கு." "வண்டியப் பத்திக் கேட்காத, சொல்லக் கூடாது. பனியப் பத்திக் கேளு, சொல்றேன்." பிறகு நாற்பது நிமிடம் சொன்னார், நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனிதர் இவ்வளவு பேசுவாரா என்று இருந்தது. முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு சின்னச் சிவப்பு விளக்குகள், அதை மட்டும் நம்பி மணிக்கணக்காகப் போவது, ரொம்ப நேரம் பார்த்தால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும், அப்போது கண்ணை மூடித் திறக்க வேண்டும், பனிக்கு எரிந்த வைக்கோல் வாசனை இருக்கும். மணல்காற்று வருவதற்கு முன்னால் காற்றே நின்றுவிடும், வானம் மஞ்சளாகும், பல்லுக்குள் மணல் நெறுநெறுக்கும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பாலைவனத்தில் மழை பெய்தால் மணல்மேல் ஓடு மாதிரி ஒன்று கட்டும், "முதல்ல போறவன் ஜம்முனு போயிடுவான், ஓடு உடைஞ்சிடும், பின்னாடி போறவன் மாட்டுவான், என் வண்டி எப்பவும் கடைசி வண்டி." எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். உள்ளே மழைச் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு ஒரு கணம் யோசித்தார். "உள்ள மழை கேட்காதுடி. எஞ்சின் சத்தத்துல எதுவுமே கேட்காது. எஞ்சினை அணைச்சாத்தான் மழை பெய்யறதே தெரியும்." பத்ரி உள்ளே மழைச் சத்தம் வேண்டும் என்று ஒரு வாரம் சண்டை போட்டான், நான் விடவில்லை, இப்போது ஆடுகிறவன் எஞ்சினை அணைத்தால் மட்டும் தகரத்தில் கல் உருளுவது மாதிரி மழை கேட்கும், சண்டைக்கு நடுவில் எவன் எஞ்சினை அணைப்பான் என்று பத்ரி கேட்டான். எவனும் அணைக்க வேண்டாம். அது இருக்க வேண்டும்.

இந்த ஆறு மாதமாக நாங்கள் பேசியதெல்லாம் இதுதான். அவருடைய வானம் முழுக்க எனக்குத் தெரியும், மணலின் நிறம் நனைவதற்கு முன்னும் பின்னும் தெரியும், பின்னங்கழுத்தில் வேர்வை எந்த இடத்தில் இறங்கும் என்பது தெரியும், அவர் மனசில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது, கேட்கவில்லை. மார்ச்சோடு அவருக்குப் பதினேழு வருஷம் முடிகிறது. வந்துவிடலாம். வராமல் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கவும் செய்யலாம், அதற்குச் சம்மதமா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அதற்குக் கடைசி நாள் இன்றைக்கு. போன மாதம் லீவில் வந்திருந்தபோது சமையலறை வாசலில் நின்று கேட்டார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "என்ன சொல்ற சுகந்தி, போடட்டுமா வேணாமா?" தலையை நிமிர்த்தாமல், "உங்க இஷ்டம்" என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன், புளி போடவா தக்காளி போடவா என்று கேட்டதற்குச் சொல்வது மாதிரி. அவர் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு தண்டைக் கிள்ளி, இன்னொரு தண்டைக் கிள்ளி, அவர் இன்னொரு முறை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை, கூடத்துக்குப் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அதற்கு முந்தின நாள்தான் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம், அந்தம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மருந்தில் ஒன்றும் இல்லை, குறைந்தது ஆறு மாதமாவது இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், லீவுக்கு லீவு வந்து போவதில் குழந்தை உண்டாகாது, உங்களுக்கு முப்பத்து நாலு ஆகிறது என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவருடைய இடது கையால், அதில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் பாதிதான் இருக்கும். அந்த விரல்கள்தான். அதனால்தான் நான் சொல்லவில்லை. கல்யாணமான முதல் வருஷம், லீவு முடிந்து அவர் போன நாலாம் நாள், போனில் அழுது தீர்த்துவிட்டேன், வந்துடுங்க, என்னால முடியல, வந்துடுங்க என்று, இருபத்தாறு வயது, யாருமில்லாத வீடு. மறுநாள் காலையில் வண்டி மூடியைச் சாத்தும்போது அவர் கை இடுக்கில் இருந்தது. எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, "எதையோ நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன்" என்றார், அவ்வளவுதான், என்னைக் குற்றம் சொன்னதே இல்லை. அவர் அம்மாதான் குடியாத்தத்திலிருந்து போன் போட்டு, "வண்டி ஓட்டறவன் காதுல அழுகைய ஊத்தி அனுப்பாதம்மா" என்றார். அன்றைக்கு வாயை மூடியவள்தான். சௌகரியமாக இருக்கேன், வேலை நல்லா போகுது, ஒண்ணும் குறை இல்லை, அங்க மழையா.

"அக்கா, வா, என்னை இழு." பக்கத்து மேசை ஃபர்ஹானா. வண்டிகளை வரைகிறவள், இங்கே எனக்கு என்று ஒருத்தி உண்டு என்றால் அவள்தான். ஒரு சதுப்பில் தன் டாங்கியைக் கழுத்துவரை இறக்கி வைத்திருக்கிறாள். நான் என் வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய், கொக்கியை மாட்டி, மெதுவாக முன்னால் நகர்த்துகிறேன், கயிறு விறைக்கிறது, அவள் வண்டியோடு என் வண்டியும் உள்ளே போகிறது. ஃபர்ஹானா சிரிக்கிறாள். சேற்றின் பிடிமானம் இன்னும் குறைவாக இருக்கிறது, ஏற்ற வேண்டும். மாட்டியவனை இழுக்க இன்னொரு வண்டி போதாது, மூன்று வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார், ஒருமுறை பயிற்சியில் அவர் வண்டியை இழுக்க மூன்று வண்டிகள் வந்து நாலு மணி நேரம் இழுத்தார்கள், வெளியே வந்தபோது எல்லோரும் ஒரே நிறமாக இருந்தார்களாம், யார் அதிகாரி யார் ஜவான் என்று தெரியாமல் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து டீ குடித்தார்களாம். எனக்கு அந்தத் தோள்கள்மேல் பொறாமையாக இருந்தது. ஃபர்ஹானா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் இன்னிக்குத்தான எழுதிக் குடுக்கணும்?" "ம்." "நீ சொன்னியா?" "என்னத்த?" "வந்துடுங்கன்னு." திரையைப் பார்த்துக்கொண்டு பிடிமானத்தை 0.35 ஆக்கினேன். "அவருக்குத் தெரியும்." "எப்படித் தெரியும்? நீ சொல்லாம எப்படிக்கா தெரியும்?" அவளுக்கு இருபத்தாறு வயது, எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறாள். ஆனால் எப்படித் தெரியும்? எட்டு வருஷமாக நான் சொன்னதெல்லாம் சௌகரியமாக இருக்கேன் என்பதுதான். அதைத்தான் அவர் நம்பியிருக்க வேண்டும், நான் சொல்வதை நம்புகிற மனிதர் அவர், சொல்லாததை ஏன் நம்ப வேண்டும்.

மூன்று ஐம்பது. வரட்டும், கூப்பிடட்டும், இன்றைக்கு மழையைக் கேட்க மாட்டேன், நேராகச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன், நினைத்தவுடனே மறுபடி விரல்கள், மூடி விழும் சத்தம், நான் கேட்டறியாத சத்தம் அது, ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் வந்துவிட்டால் என்ன ஆகும்? வேளச்சேரி வீட்டின் கதவைத் திறந்தால் உள்ளே ஆள் இருக்கும். அதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை, ஆள் இருக்கும் வீடு. லீவுக்கு வரும்போது முதல் இரண்டு நாள் கட்டிலின் ஓரத்தில் விறைப்பாகப் படுப்பார், விருந்தாளி மாதிரி துண்டு எங்கே என்று கேட்பார், பத்தாம் நாள்தான் உடம்பு இளகும், இருபதாம் நாள் தூக்கத்தில் காலைத் தூக்கி என்மேல் போடுவார், அந்தக் கனத்துக்காகத்தான் நான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன் என்று தோன்றும், அதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். அவர் போன பிறகு தலையணை உறையை நான் துவைப்பதில்லை. தேங்காய் எண்ணெயும் சிகைக்காயும் இல்லாத ஒரு வாசனை, இரும்பு மாதிரி, வெயிலில் கிடந்த இரும்பு மாதிரி, பதினைந்து நாள் இருக்கும், பிறகு என் வாசனையாகிவிடும். ஒருவேளை அவர் எப்போதும் வீட்டில் இருந்தால் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்காதோ? இருக்கட்டும். பேசாமல் இருக்கலாம். பக்கத்து அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கலாம், அது வேறு மௌனம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பத்ரி மறுபடி வந்து நிற்கிறான். "அடர்த்தி எவ்வளவு வெச்சிருக்க?" "புள்ளி எட்டு." "புள்ளி ஆறாக்கு. எதிரி வர்றதே தெரியல." "மழைன்னா தெரியாது பத்ரி." "கண்ணு தெரியாம ஆடறதுக்கு எவன் வருவான்? தோத்துட்டு நம்மளத் திட்டுவான்." கண் தெரியாமல்தான் அங்கே ஓட்டுகிறார்கள் என்று வாய்வரை வந்தது, அவனிடம் போய் எதற்கு, புள்ளி ஆறாக்கினேன், உடனே திரையில் தூரத்து மரங்கள் தெரிந்தன, எதிரி வண்டி தெரிந்தது, மழை அழகாக இருந்தது, பொய்யாக இருந்தது. நாலு பத்து. நாலு பதினெட்டு. போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன். மழையில் மாட்டிக்கொண்டிருப்பாரோ, இன்றைக்கு வண்டி எடுக்கிற நாளா, கேட்கவில்லை. நாலு இருபத்திரண்டுக்குப் போன் மேசையில் அதிர்ந்து நகர்ந்தது. எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினேன்.

"சாப்பிட்டியா?" என்றார். "வந்துடுங்க" என்றேன். என் குரலா என்று இருந்தது, படிக்கட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "என்ன?" "வந்துடுங்க. நீட்டிப்பு வேணாம். போதும். என்னால முடியல, சௌகரியமெல்லாம் இல்ல, சும்மா சொன்னேன். வந்துடுங்க." அந்தப் பக்கம் தட்டுச் சத்தமோ சிரிப்போ எதுவும் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன் சுகந்தி. பத்து மணிக்கு. சம்மதம்னு." நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க?" என்று கேட்டேனா, கேட்டது மாதிரி இருந்தது. "நீ ஒண்ணும் சொல்லல. உங்க இஷ்டம்னுட்ட. அப்புறம் மழை, மண்ணு, காத்துன்னு அவ்வளவு ஆசையா கேட்டுக்கிட்டே இருந்த. இத்தன வருஷத்துல நீ என்கிட்ட அவ்வளவு பேசினதே இல்ல. நான் இங்க இருக்கறதுதான் உனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். ஊருக்கு வந்து ஏதாவது ஏடிஎம் வாசல்ல காவலுக்கு உக்காந்தா என்கிட்ட என்னத்தக் கேட்ப?" இந்த மனிதர் பாலைவனத்தில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து, என் கேள்விகளுக்காக மழையை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை சொல்ல ஏதாவது வேண்டுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். "வேற என்ன கேட்கறதுன்னு தெரியாமத்தாங்க அதைக் கேட்டேன். உங்க குரல் கேட்கணும். அவ்வளவுதான். நீங்க போனை வெச்சிடுவீங்களேன்னு." "அழறியா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன், முதல் தடவையாக, அவர் விரல்களை நினைத்துக்கொண்டே, ஆமா என்றேன். "அந்தத் தாள் எங்க இருக்கு?" "கிளார்க்குகிட்ட. அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கும். இரு." பூட்ஸ் சத்தம் கேட்டது, போன் அணைந்தது.

ஐந்து மணிக்குப் பத்ரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சு" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாவது பிரச்சனையா?" என்றான். "நீங்க ஆரம்பிங்க, வர்றேன்." உள்ளேயிருந்து இடி முழங்குவது கேட்டது, ஃபர்ஹானா முதல் காட்சியை ஓடவிட்டிருக்கிறாள், யாரோ 'ஓ' என்றார்கள், கைதட்டினார்கள். நான் ஐந்தாவது மாடிக்கு இறங்கினேன், ஆறாவதுக்கு ஏறினேன். ஒரு கிலோமீட்டர் இருக்குமா அவர் ஓடும் தூரம், மணலா தார் ரோடா, எட்டு வருஷத்தில் அவர் ஆபீஸ் எந்தத் திசையில் என்றுகூட நான் கேட்டதில்லை, கேட்டிருந்தால் இப்போது அவர் ஓடுவதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். ஐந்து எட்டுக்குக் கூப்பிட்டார். முதலில் மூச்சு மட்டும் வந்தது. "போயிடுச்சு சுகந்தி. மூணு மணி வண்டியிலயே மேல அனுப்பிட்டாங்க. கிளார்க்கு நாளைக்குக் காலையில கேப்டனைப் பார்க்கச் சொல்றார். ஒரு தடவை போட்டா போட்டதுதான்னும் சொல்றார், யாருக்கோ மாத்தினாங்கன்னும் சொல்றார். ஒண்ணும் புரியல." "பார்ப்பீங்களா?" "பார்ப்பேன்." "என்னன்னு சொல்வீங்க?" "என் பொண்டாட்டி வரச் சொல்றான்னு சொல்வேன்." சிரித்தார், மூச்சு வாங்கியதில் சிரிப்பு பாதியில் உடைந்தது. மாறினால் எட்டு மாதம், மாறாவிட்டால் அதற்கு மேல் இரண்டு வருஷம், முப்பத்து ஏழு ஆகிவிடும் எனக்கு, டாக்டரம்மா முகம் வந்தது, போனது. நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம், அவர் வெச்சிடட்டுமா என்று கேட்கவில்லை. "சுகந்தி." "ம்." "இன்னொரு தடவை சொல்லு." "எதை?" "அதான். போனை எடுத்ததும் சொன்னியே. எனக்குச் சரியா கேட்கல." நன்றாகத்தான் கேட்டிருக்கும். மேலே கதவு திறந்து பத்ரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், பின்னால் மழை ஓடிக்கொண்டிருந்தது, யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். "வந்துடுங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "வந்துடுங்க" என்றேன்.